தரைக்கு மட்டும்

பெயின்டர் தன் வீட்டுப் படுக்கையறைக்குள் கால் வைத்ததும் மேலே விழுந்தான். விழுந்தவன் திரும்பி வரவில்லை. உட்கூரையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கட்டில், மெத்தை, அலமாரி எல்லாம் அவனுக்கு முன்பே தடதடவென்று அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஓடினான். மின்விசிறியைக் கழற்றி வைத்திருந்ததால் முதுகு தப்பியது.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. ‘தரைக்கு மட்டும். வேறெங்கும் பூசக் கூடாது’ என்று டின்னில் கொட்டை எழுத்தில் இருந்தது. முந்தின நாள் மனைவி அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால் என்று பொழுதெல்லாம் ஊருக்குச் சொல்வாள், ஊர் கேட்கும். வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

“மிச்சம் கெடக்குதும்மா, வீணாப் போவுது. பெயின்ட்டுக்கு மேல கீழ தெரியுமா என்ன?” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினான்.

தெரிந்திருந்தது. அது காய்ந்ததும் உட்கூரை தரையாகிவிட்டது.

இடுப்பு வலியில் அவனால் எழ முடியவில்லை. சேதி கேட்டு அவளுடைய அண்ணன் வந்தார். அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, “அண்ணா, உள்ள மட்டும் போகாதீங்க, வாசல்ல நின்னே பேசுங்க” என்றாள். “நான் சின்னப் பிள்ளையா?” என்று கேட்டுக்கொண்டே போனவர், பெயின்டரின் காலடியில் போய் விழுந்தார். டீ அவருக்கு முன்பே போய்விட்டது. யார் மீது தப்பு என்று இருவரும் மேலேயே சண்டை போட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் இடுப்பில் இருந்த மகள் அந்த அறையைப் பார்த்துக் கையை நீட்டியதும், அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். மகளுக்கு அப்போதுதான் தவழத் தெரிந்திருந்தது. அதுவும் எலி வேகத்தில்.

கதவின் மேல்கட்டையைத் தாண்டிக் கூடத்துப் பக்கம் இறங்க முயன்ற ஆண்கள் இருவரும் இரண்டாம் முறையும் விழுந்தார்கள், இந்தத் தடவை எல்லோரையும் போலக் கீழே.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. கடையில் மாத்திரை எண்ணும்போதும் காது வீட்டில்தான். தாழ்ப்பாள் போடுங்கள், தாழ்ப்பாள் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. “போட்டேம்மா” என்பான். ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. கூடத்தில் மகள் இல்லை. தலைக்கு மேலே சிரிப்புச் சத்தம்.

மெத்தை மேல் விழுந்திருந்த குழந்தை, அதிலிருந்து இறங்கி அலமாரியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நின்றது. கத்தினால் குழந்தை பயந்துவிடும் என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக் குதித்தாள். முழங்கால் சிராய்த்தது. நிமிர்ந்தபோது, கட்டில் கிடந்த பழைய தரை தன் தலைக்கு மேல் தொங்கியது. மகள் அலமாரியை விட்டாள். இரண்டு எட்டு வைத்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்கு முன் அவள் நடந்ததே இல்லை.

பெயின்டர் சுரண்டும் கத்தியோடு ஓடி வந்தான். சுரண்டுவதென்றால் பெயின்ட் மேலேயே நின்றுதான் சுரண்ட வேண்டும்; முழுக்கப் போனதும் என்ன ஆகும் என்று யோசித்து வாசலிலேயே நின்றான். வாழ்க்கையில் முதல் முறையாகப் பயந்து, “டின்னுல வேற ஏதாவது போட்டிருக்கா? கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்” என்றான்.

வேறு எதுவும் போட்டிருக்கவில்லை. மின்விசிறியைப் பழைய தரையில் மாட்டினார்கள். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். அண்ணன் வந்தால் டீயைக் குடித்து முடித்த பிறகே உள்ளே போகிறார். அவள் மட்டும் இன்றும் வாசலில் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு, துவைத்து மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதிக்கிறாள், அலமாரியில் அடுக்கி வைக்க.