முனை வரைக்கும்

1

மனிதன் ஆப்பிரிக்காவை விட்டு உலகமெங்கும் பரவியது எப்படி என்ற கேள்விக்கு இறுதி விடையை நான் கண்டுபிடித்துவிட்டேன். இடம்: ரங்கூன், தாகேதா, கரீமா மாமி வீட்டு வாசல். ஆண்டு 2003. வறட்சியால் பரவினான், மான்கூட்டத்தின் பின்னால் போனான் என்பதெல்லாம் பாடநூல் பேச்சு. உண்மையில் கிளம்பியவள் ஒரே ஒருத்தி. மற்ற எல்லோரும் அவளை வழியனுப்பப் போனவர்கள்.

இதை வைத்து நான் எழுதும் கதை பிறந்ததும் அந்த வாசலில்தான். மலேசியா போகும் யாரையோ அனுப்ப, பக்கத்து வீட்டு பீர் முகைதீன் மாமா, "இந்தா, முனை வரைக்கும்" என்று செருப்பை மாட்டினார். (செருப்பு பொய். வெறுங்கால்.) தெருமுனையில் பிக்கப் வண்டி நின்றது. பாலம் வரைக்கும் என்று ஏறினார். மாலையில் மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து திரும்பினார், இன்னும் பதினெட்டுப் பேரோடு. பயணி ஒருவர்!

எங்கள் ஆட்களுக்கு வாசலோடு விடைகொடுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். படியில் நின்று ஒரே முறை கையசைப்பேன். டீ ஆறுவதற்குள் உள்ளே போய்விடுவேன்.

2

முதல் தொடக்கம்: "செங்கடலோரம் அவள் எழுந்து நின்றாள். அடிவானம்—" (வேண்டாம். அடிவானம் வந்தாலே கொட்டாவி வரும்.)

இரண்டாவது: "அவளுக்கு மீன் இருந்தது, தண்ணீர் இருந்தது, குகை இருந்தது. ஆனாலும் கிளம்பினாள். ஏனென்றால்—"

இங்கே மூன்று நாள் நின்றேன். பிறகு நிலோஃபரிடம் காட்டினேன். கரீமா மாமியின் மகள். என்னோடு விலங்கியல் படித்தவள். என் கதைகளுக்கு இருக்கும் ஒரே வாசகி.

"கோ யாசர்," என்றாள். ('கோ' பர்மிய மரியாதை; பெயர் மட்டும்தான் என்னுடையது.) "ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரே கும்பலாவா நடந்துச்சு? எத்தனை தலைமுறை! பல்லாயிரம் வருசம்!"

"அதத்தானே சொல்றேன்! யாருமே ஆஸ்திரேலியாவுக்குக் கெளம்பல. ஒவ்வொருத்தரும் அடுத்த முனை வரைக்கும்தான் போனாங்க. கடலோரமா, நம்ம பக்கமாத்தான்!"

சிரித்துவிட்டாள். "சரி, இவளுக்குப் பேரு?"

"கற்காலத்துல ஏது பேரு?"

"பேரில்லாட்டி, திரும்பி வான்னு எப்புடிக் கூப்புடுவாங்க?"

தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கோலாலம்பூர்ல வேல கெடச்சிருச்சு. பதினாலாந்தேதி போறேன்."

3

(இந்த இடத்தில் கதாசிரியர் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கைவசம் மூன்று வரைவுகள் இருந்தன. "நிலோஃபர், நீ—". "போகாம இருந்தா—". "வாழ்த்துகள்." வாயை விட்டு வெளியே வந்தது மூன்றாவது.)

4

பதினாலாம் தேதி பிக்கப்பில் இருபத்தோரு பேர். மடிகளில் துணி சுற்றிய பலாச்சாங், அதாவது இறால் பொரியல், பாட்டில்கள். வறுத்த இறால் வாசனை தெரு முழுக்க. நான் சொன்னபடி படியில் நின்றேன்.

"தம்பி, முனை வரைக்கும் வாயேன்," என்றார் கரீமா மாமி.

"டீ ஆறிரும் மாமி."

"அவர விடும்மா, பெரிய ஆராய்ச்சிக்காரர்," என்றாள் நிலோஃபர். சிரிக்கவில்லை.

ஒரே முறை கையசைத்தேன். வண்டி திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். எனக்கு அவள் பெயர் தெரியும். கூப்பிடவில்லை.

டீ ஆறியிருந்தது.

5

முடிவுகள்.

அ) அவள் ஆஸ்திரேலியா சேர்ந்தாள்.

ஆ) பாதியில் திரும்பிவிட்டாள். (அப்படியென்றால் ரங்கூனில் இதை எழுத நான் இல்லை.)

இ) குகை வாசலில் ஒருவன் நின்றுகொண்டே இருந்தான். பின்னாளில் எலும்பு மட்டும் கிடைத்தது, கையசைத்த நிலையில்.

மூன்றாவதே சிறந்தது என்று இரண்டு மாதம் நம்பினேன். போன வாரம் அவளிடமிருந்து கடிதம். உள்ளே ஒரே வரி: "அந்தப் பொம்பளைக்குப் பேரு வெச்சாச்சா?"

வைத்துவிட்டேன். எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாம் பகுதியின் "ஏனென்றால்" இன்னும் அங்கேயே நிற்கிறது; அதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. சட்டைப்பையில் நான்கு புகைப்படங்கள், பாஸ்போர்ட் விண்ணப்பம்.

வாசலில் பீர் முகைதீன் மாமா உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா, இஸ்திரி போட்ட கைலியெல்லாம்?"

"இந்தா மாமா, முனை வரைக்கும்."

"இரு," என்று அவர் வெறுங்காலோடு எழுந்தார்.