அடிப்பக்க முடிச்சுகள்

தலைமுடி கொட்டிப்போனதிலிருந்து அக்கா வாசற்பக்கமே தலைகாட்டவில்லை. அழைப்புமணி அடித்தால் உள்ளறைக்குள் போய்விடுவாள். புருஷன்கூடப் பார்க்கக் கூடாதென்று, படுக்கையிலும் துண்டைச் சுற்றிக்கொண்டே கிடந்தாள். கீமோ பாதிதான் முடிந்திருந்தது. வியாதியைவிட மொட்டை மண்டைதான் அவளை அதிகமாகத் தின்றது.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. அவள் ஆரி வேலைப் பட்டறையில் இருந்தாள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் முன் உட்கார்ந்து, கொக்கி ஊசியால் கீழிருந்து பட்டு நூலை மேலே இழுத்து, சங்கிலி சங்கிலியாய்ப் பூ போடுகிற வேலை. நாள் முழுக்க வாய் திறக்காமல் செய்யலாம் என்பதாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது. பட்டறை மாஸ்டரிடம் பழங்காலச் சால்வைகளின் மாதிரித் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. கோடு நெடுக ஊசித்துளை போட்ட தாள்கள். மேலே சுண்ணப்பொடியைத் தேய்த்தால் கீழே துணியில் கொடி இறங்கிவிடும். வளைந்த மாங்காயும் இலைக்கொடியுமாக ஒன்றை அவள் உருவினாள்.

“அது ராஜா தோள்ல கிடந்த டிசைன். பார்த்துப் போடு,” என்றார் மாஸ்டர்.

“இப்ப எங்க அக்கா தலையில கிடக்கப் போகுது மாஸ்டர். ராஜா தேவலை, அவதான் அதிகமா குறை சொல்லுவா.”

நீளமான மெல்லிய பட்டு ஸ்கார்ஃப். வேலைப்பாடு முழுக்க உச்சந்தலைக்கு வருகிறாற்போல் நடுவில். இரண்டு முனைகளும் வெறுமை. பளபளப்புக்குக் கொஞ்சம் ஜரிகை. ஒவ்வொரு பூவும் முடிகிற இடத்தில், பட்டறை வழக்கப்படி, அடிப்பக்கம் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அக்காவை நாற்காலியில் உட்கார்த்திக் கட்டிவிட்டாள். கொடி நெற்றிக்கு மேல் வகிடுபோல நிற்க வேண்டும். முனைகள் காதுக்குப் பின்னால் போய், பிடரியில் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டையாகச் சுருள வேண்டும்.

“மெதுவாடி. இருக்கறது ஒரு மண்டை.”

“ஆடாதே. பட்டு வழுக்கும், இறுக்கித்தான் கட்டணும்.”

“எப்படி இருக்கு? மாவு மூட்டை மாதிரியா?”

“சினிமாக்காரி மாதிரி.”

“எந்தக் காலத்துச் சினிமா?”

இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரித்து வெகுநாளாகியிருந்தது. தங்கை கிளம்பும்போது விரலை நீட்டிச் சொன்னாள்: “ஒண்ணு கேட்டுக்கோ. சும்மா சும்மா துவைச்சிடாதே. ஜரிகை கறுத்துடும், சாயம் இறங்கிடும். வேர்த்தா நிழல்ல ஆறப்போட்டு எடுத்துக் கட்டு. நானே வந்து பச்சைத் தண்ணியில அலசித் தர்றேன்.”

“உத்தரவு, மேடம்.”

அன்று மாலையே அக்கா வாசலில் போய் நின்றாள். பக்கத்து வீட்டம்மா எந்தக் கடை என்று விசாரித்தாளாம். அதன்பிறகு அந்த ஸ்கார்ஃப் தலையைவிட்டு இறங்கவில்லை.

பட்டறையில் பெரிய ஆர்டர் வந்து சேர்ந்தது. அலச வருகிறேன் என்றவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. போன் போட்டால் அக்கா, “எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்,” என்பாள். பிறகு பேசாமல் இருப்பாள். தங்கையும் பேசமாட்டாள். அப்படிப் பேசாமல் இருப்பது இருவருக்கும் சிறுவயதிலிருந்தே பழக்கம் என்பதால், அந்த மௌனத்தில் எதுவும் ஒளிந்திருப்பதாகத் தங்கைக்குத் தோன்றவில்லை.

காய்ச்சல் அனலாய்க் கொதித்தபோதுதான் அத்தான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸ் கொண்டையை அவிழ்த்திருந்தாள். ஆனால் துணி வரவில்லை. தலையோடு ஒட்டியிருந்தது. வாடை குப்பென்று அடித்தது. உப்புநீரில் பஞ்சை நனைத்து நனைத்து வைக்க, ஓரங்கள் மெல்லத் தூக்கின. அடிப்பக்கம் தெரிந்தது.

அவள் போட்ட முடிச்சுகள். பட்டறையில் செய்வதெல்லாம் ரவிக்கைக்குப் போகும். அடியில் லைனிங் வைத்துத் தைத்துவிடுவார்கள். முடிச்சு யார் உடம்பிலும் பட்டதில்லை, அதனால் யாரும் அதைப் பற்றி நினைத்ததுமில்லை. இங்கே லைனிங் இல்லை. மருந்தில் மெலிந்துபோன தோலில், கடுகு கடுகாய் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புண்ணைத் தோண்டியிருந்தது. துவைக்காத வேர்வை மிச்சத்தைச் செய்திருந்தது.

உச்சியில் மட்டும் அசையவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“வெட்டாதீங்க!”

வாய் முந்திக்கொண்டுவிட்டது. நர்ஸ் கையை நிறுத்தினாள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

“யாரை? என்னையா, துணியையா?”

  தங்கை கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, மாங்காயின் குறுக்கே தானே வெட்டினாள். ஒட்டியிருந்த துண்டுகளை நர்ஸ் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் கால்விரல்கள் மடங்கின.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?”

“சொன்னா வாங்கிட்டுப் போயிருப்பே.”

“போயிருப்பேன்.”

“அப்புறம் நான் எதைக் கட்டிட்டு வாசலுக்குப் போறது?”

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இந்த நிலையில் கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது; கொடுக்காத நாளில் கட்டி சும்மாயிருக்காது. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தங்கை வெளியே வந்தாள். நடைவழி பெஞ்சில் அத்தான் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், அந்த ஸ்கார்ஃப்ல நான் போட்ட முடிச்சுதான்...”

“நர்ஸ் சொன்னாங்க.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் திட்டினால் தேவலை போலிருந்தது. அவர் திட்டவில்லை.

“அதைக் கட்டின பிறகுதாம்மா அவ என்கூடக் கடைத்தெரு வரைக்கும் வந்தா,” என்றார். மருந்துப் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே, “கீமோ எப்போ திரும்ப ஆரம்பிப்பாங்களாம்?”

“காய்ச்சல் விடணும் அத்தான்.”

“விட்டதும் குடுத்துடுவாங்கல்ல?”

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“முதல்ல விடட்டும்,” என்றாள்.