கடைக்காரியின் சிரிப்பு

அக்காவுக்கு முன்பல் நான்கும் எத்துப்பல். சிரிப்பு வந்தால் இடது கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொள்ளும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் நடத்திய சாப்பாட்டுக் கடையில், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் அவள் அக்காதான். சொந்தத் தம்பி கல்லாவில் உட்காருவான். சமைப்பதும் பரிமாறுவதும் அவள். கல்யாணப் பேச்சு பலமுறை தட்டிப்போய், பிறகு யாரும் அதை எடுப்பதே இல்லை.

அந்த வட்டாரத்தில் பேர்போன ஓவியர் ஒருவர் தினமும் மதியம் அங்கே சாப்பிட வருவார். ஜன்னலோர மேஜை அவருடையது. ஒருநாள் கை கழுவிவிட்டு வந்தவர், நகரத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு அவளை வரைய வேண்டும் என்றார். என் மூஞ்சியையா, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். ஆனால் மறுநாள் சம்மதித்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேஜைகளைத் துடைத்துவிட்டு, முகம் கழுவி, நீல உடை மாற்றிக்கொண்டு அவர் முன்னால் உட்காருவாள். தம்பி நக்கலடித்தான். அவள் காதிலேயே வாங்கவில்லை. கடைக்கு வருகிற ஆண்கள் தட்டைப் பார்ப்பார்கள், பில்லைப் பார்ப்பார்கள். இவர் ஒருவர்தான் அவளை நிதானமாகப் பார்த்தார். மீனில் நடுத்துண்டை அவருக்கென்று எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

வரைந்தபடியே அவர் வேடிக்கையாக ஏதாவது சொல்வார். அவள் சிரிப்பாள். கை எழும்.

"கையை எடுங்க," என்றார் ஒருநாள்.

"வேண்டாங்க. அசிங்கமா இருக்கும்."

"யார் சொன்னது? அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் இங்க வர்றதே. என்கிட்ட என்ன கூச்சம்?"

அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க வாயெல்லாம் பல்லாகத்தான் நடமாடினாள். முடிந்த படத்தைக் காட்டாமலே துணி போட்டு மூடி எடுத்துப்போனார் ஓவியர்.

கண்காட்சிக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள். படம் சுவர் உயரத்துக்கு இருந்தது. அதில் முகம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வாய். ஈறு பச்சை ரணம்போல் சிவந்திருந்தது. பற்கள் எதையோ கடித்துக் குதறப் போவதுபோல் நீண்டிருந்தன. உதட்டோரம் எண்ணெய் வழிந்தது. கீழே "பசி" என்றும், சிறிய எழுத்தில் சாப்பாட்டுக் கடைக்காரி என்றும் எழுதியிருந்தார்கள்.

முன்னால் நின்ற ஒரு பெண், இவள் ஆளுக்குச் சாப்பாடு போடுகிறவளா, ஆளையே சாப்பிடுகிறவளா என்று துணையிடம் கேட்டுச் சிரித்தாள். திரும்பியபோது பின்னால் நீல உடையில் நின்றவளைப் பார்த்தாள். படத்தை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

போய்விடலாம் என்று தங்கை இழுத்தாள். அக்கா கேட்காமல், ஆட்கள் சூழ நின்ற ஓவியரிடம் போனாள்.

"நான் இப்படியா இருக்கேன்?"

அவர் அவள் தோளில் கை வைத்தார். "உங்களை நீங்க பார்த்ததில்லை. நான் பார்த்தேன்," என்றார் கனிவாகவே. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, படத்தில் இருப்பவர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கைதட்டினாள்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. பத்திரிகைகளில் வந்தது. கடையில் கூட்டம் தாங்கவில்லை. தம்பி அந்தப் படத்தின் நகல் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டி, நீல உடையில் அதன் கீழே நிற்கச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள்.

"ஊரே தேடி வருது. கொஞ்சம் சிரிச்சா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்றான்.

நின்றாள். வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். பல்லைக் காட்டினாள். ஓவியரும் விருந்தாளிகளோடு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைச் சுட்டிக்காட்டி விளக்கினார். தனியாக ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

அதன் பிறகுதான் பல் டாக்டரிடம் போனாள். நல்ல பல், கம்பி கட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்றார் டாக்டர். பிடுங்கச் சொன்னாள். நான்கையும் எடுத்து, ஆறியதும் பொய்ப்பல் வைத்தார்கள். அது சரியாகப் பொருந்தவில்லை. பேசினால் விசில்போல் காற்று வந்தது.

"மூளை இருக்கா உனக்கு? வர்ற ஆளுக்கு இனிமே எதைக் காட்டுறது?" என்று தம்பி கத்தினான்.

கூட்டம் மெல்லக் குறைந்தது. ஒரு மதியம் ஓவியர் வெளியூர்த் தம்பதியரை அழைத்து வந்தார். அக்கா தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பெண்மணி சுவரிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா எங்கே?" என்று கேட்டாள்.

ஓவியர் அக்காவின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கெட்டுப்போன பண்டத்தைப் பார்ப்பதுபோல் அவர் முகம் சுருங்கியது.

"அவங்க இப்ப இல்லீங்க," என்றார்.

பெண்மணி உச்சுக்கொட்டினாள். அக்கா தண்ணீர்க் குவளையோடு அங்கேயே நின்றாள். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சொல்லுக்குச் சொல் காற்றுச் சீறியது. கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பேருக்கும் சேர்த்து ஓவியரே சொன்னார்.

நன்றாகச் சாப்பிட்டார்கள். போகும்போது பெண்மணி மட்டும் அக்காவிடம் வந்தாள்.

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"ஆமாங்க."

"மனசைத் தேத்திக்குங்க," என்று அவள் கையை எடுத்து அழுத்தினாள். வாசலில் நின்ற ஓவியர், நேரமாகிறது என்று கூப்பிட்டார்.