ஒரு சாண் ஆழத்தில் பியோனி

தான் திருடப் போவதாக என் மனைவி கபித்தொலினா மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். நான் அப்போதுதான் முள்ளங்கி போட்ட குளிர் சூப்பை வாயருகே கொண்டுபோயிருந்தேன்.

"இன்னிக்கு சனிக்கிழமை. ஃபைனா ஆவிக்குளியலுக்குப் போவா. உள்ள போனா லேசுல வெளிய வரமாட்டா. நீ வேலிகிட்ட நின்னு காவல் பாக்கணும்."

"என்னத்தத் திருடப் போற?"

"என்னோட பியோனிய."

தன் பொருளையே ஒருத்தி எப்படித் திருடுவாள் என்று கேட்க வாயெடுத்தேன். கபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு சூப்பைக் குடித்தேன்.

விஷயம் இதுதான். கபாவிடம் ஒரு வெள்ளைப் பியோனி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். நடு இதழில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று. பூக்கண்காட்சியில் அதன் கிழங்கை வாங்கி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். அதற்கு இடம் விட்டு நான் வழியெல்லாம் நின்றுகொண்டு வந்தேன். காமா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் தோட்டங்களில் வேறு யாரிடமும் அந்த வகை கிடையாது. ஜூன் கடைசியில் அது பூத்தால் பார்க்க ஆட்கள் வருவார்கள். அந்த நாட்களில் கபா நல்ல கவுன் போட்டுக்கொண்டுதான் களை பறிப்பாள்.

அதில் ஒரு துண்டை வெட்டி பக்கத்துத் தோட்டத்து ஃபைனாவுக்குக் கொடுத்தாள். இருவரும் ஒரே ஆலையின் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், உயிருக்கு உயிரான சிநேகிதிகள். கிழங்கைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் ஃபைனா, "ரொம்ப நன்றிடி" என்று சொல்லித் தொலைத்தாள். எங்கள் பக்கத்தில் செடி கொடுத்தவருக்கு நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் செடி உருப்படாது. இது பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். கபா அங்கேயே காதைப் பொத்திக்கொண்டாள்.

செடி என்னவோ பிழைத்தது. ஆனால் மூன்று கோடைகள் போயும் ஒரு மொட்டு கிடையாது, வெறும் இலை. ஃபைனா தன் வாயாலேயே செடியைக் கெடுத்தாள் என்று கபா ஊரெல்லாம் சொன்னாள். பூக்காத துண்டாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டாள் கபா என்று ஃபைனா சொன்னாள். முதல் கோடையிலேயே பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எதுவானாலும் என் வழியாகத்தான். "ரோதியோன் இலியீச், உங்க வீட்டம்மாவோட தக்காளி இலையில புள்ளி விழுந்திருக்கு, சொல்லிடுங்க" என்று ஃபைனா வேலிக்கு அப்பாலிருந்து சொல்வாள். வீட்டம்மா என் தோளை இடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இந்த வசந்தத்தில் பனி உருகிய தண்ணீர் எங்கள் பள்ளத்துத் தோட்டத்தில் வடியாமல் தேங்கியது. கபாவின் பியோனி அழுகிப்போனது. தோண்டினால் கையில் கூழாக வந்தது. கபா அன்று சாப்பிடவில்லை. இனி அந்த வகையில் மிச்சம் இருப்பது, ஃபைனாவின் மேட்டுத் தோட்டத்தில் பூக்காமல் நிற்கும் ஒரே செடிதான்.

"கேட்டா ஒரு துண்டு தரமாட்டாளா?" என்றேன்.

"அவகிட்ட போய் நான் கேக்கறதா? போதாக்குறைக்கு, திருடின செடிதான் நல்லா வரும். இத்தன வருஷமா இங்க இருக்க, இதுகூடத் தெரியல."

அதுவும் எங்கள் பக்கத்துச் சட்டம்தான். இந்தத் தெருவின் பாதி ரோஜாக்கள் திருட்டுக் குச்சியில் வளர்ந்தவை. எங்கள் வாசல் ரோஜாவும் அப்படித்தான், யார் வீட்டுக் குச்சி என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஃபைனாவின் தோட்டத்து மூலையில் இருந்த ஆவிக்குளியலறையின் புகைபோக்கியில் புகை கிளம்பியது. கபா மண்வாரியை எடுத்துக்கொண்டாள்.

"கதவு திறந்தா சத்தமா பாடு."

"என்ன பாட்டு?"

"உனக்குத் தெரிஞ்சதே ஒண்ணுதான்."

ஆடிக்கொண்டிருந்த வேலிப்பலகையை ஒதுக்கி அவள் உள்ளே நுழைந்தாள். பாதி உடம்பு போனதும் மாட்டிக்கொண்டாள், நான் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். ஆகஸ்ட் கடைசி வெயில் இதமாக இருந்தது. டேலியாக்கள் என் உயரத்துக்கு நின்றன. கபா பியோனியைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தாள். தோண்டினாள், தோண்டிக்கொண்டே இருந்தாள்.

"ரோத்யா, கிழங்கையே காணோம்!"

"மெதுவா பேசு!"

"என்னய்யா இது, கெணறு மாதிரி போய்க்கிட்டே இருக்கு..." கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அப்புறம் போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல். "அடிப்பாவி! ஒரு சாண் ஆழத்துல பொதச்சு வச்சிருக்காளே! பொணத்தையா பொதச்ச? ரெண்டு வெரக்கடதானே இருக்கணும்! இந்த ஆழத்துல இது எங்கேருந்து பூக்கும்?"

தான் திருட வந்தவள் என்பதையே மறந்துவிட்டாள். நானும் காவல் காப்பதை மறந்து அந்தக் குழியையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு படீரென்று திறந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆவிச்சூடு தாங்கத் தலையில் போட்ட கம்பளித் தொப்பியோடு, பீட்ரூட் நிறத்தில் ஃபைனா நின்றாள். நான் அப்போதுதான் பாட ஆரம்பித்தேன்.

"வாய மூடுங்க ரோதியோன் இலியீச்! நீங்களுமா?" என்றாள் என்னிடம். பிறகு, மூன்று கோடைகளில் முதல் தடவையாக, என் மனைவியிடம் நேராக, "ஏன்டி திருடி!" என்றாள்.

"நான் திருடின்னா நீ கொலகாரி! வந்து பாருடி உன் லட்சணத்த! யாருடி உனக்கு இவ்ளோ ஆழம் தோண்டச் சொன்னது?"

"மைனஸ் நாப்பது வரும்ல? குளுருல செத்துடுமேன்னு பயந்து, கீழ வச்சா கதகதப்பா இருக்கும்னு வச்சேன்."

"மேல ஒரு கோட்டும் போத்தி விட்டிருப்பே!"

"போத்தினேன்டி!" ஃபைனாவின் குரல் உடைந்தது. "எங்க வீட்டுக்காரரோட ஆட்டுத்தோல் கோட்டு. அவரு போனப்புறம் யாருக்கும் குடுக்க மனசு வரல. மூணு குளிர்காலமா இதுக்குத்தான் போத்துறேன். நீ குடுத்ததாச்சே. ஜூன் வந்தா தெனமும் காலைல வந்து குனிஞ்சு குனிஞ்சு பாப்பேன், ஒரு மொட்டு விட்டா உன்னக் கூப்பிடலாமேன்னு."

கபா மண்வாரியைக் கீழே போட்டாள். குழிக்குள் குனிந்து கிழங்கை இரண்டு கையாலும் தூக்கினாள். மண்ணை உதறினாள். பெரும்பாலும் கறுத்துப்போயிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் உறுதியான துண்டு, அதில் மூன்று சிவந்த முளைக்கண்கள். கெட்டதையெல்லாம் கத்தியால் செதுக்கித் தள்ளியபோது உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் மிஞ்சியது. அதை இரண்டாக வெட்டினால் இரண்டும் பிழைக்காது. அது எனக்கே தெரிந்தது.

"எடுத்துட்டுப் போடி. உன்னோடதுதானே" என்றாள் ஃபைனா.

கபா அந்தக் கிழங்கைப் பார்த்தாள். வேலிக்கு இந்தப் பக்கம், தண்ணீர் தேங்கும் எங்கள் பாத்தியைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு வசந்தம் முழுக்க இதை நினைத்தே தூக்கம் கெட்டவள்.

"அங்க கொண்டுபோனா திரும்பவும் அழுகும்" என்றாள். "சாம்பல் கொண்டா. மணல் இருக்கா? ரோத்யா, தடியன் மாதிரி நிக்காம தண்ணி கொண்டுவா. நீ போய் ஏதாச்சும் உடுத்திக்கிட்டு வா, சளி புடிச்சு சாகாத."

அந்த மேட்டிலேயே, கண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை மண் மட்டும் நிற்கும்படி நட்டாள். "அப்ப நான் நன்றி சொன்னதால இல்லையே?" என்று ஃபைனா கேட்டாள். "அதுவும் ஒரு காரணம்தான்" என்றாள் கபா, விட்டுக்கொடுக்காமல். அன்று நாங்கள் மூவரும் ஃபைனாவின் வெந்தய மணமுள்ள உருளைக்கிழங்கையும் ஊறுகாய்க் காளானையும் தின்றோம். இருவரும் மூன்று கோடைகளின் பேச்சைப் பேசித் தீர்த்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூட இடம் கிடைக்கவில்லை. பேரானந்தமாக இருந்தது.

அடுத்த கோடையில் இலை மட்டும். கபா தினமும் அந்தப் பக்கம் போய் வந்ததில் நான் வேலியில் இரண்டு பலகைகளைக் கழற்றியே வைத்துவிட்டேன். அதற்கடுத்த ஜூன் கடைசியில் ஒரு விடிகாலை, "கபா! கபா!" என்று ஃபைனா கத்தினாள். கபா இரவு உடுப்போடு வெறுங்காலில் ஓடினாள். நான் தேநீர்க் கெட்டிலோடு போய்ச் சேர்ந்தபோது இருவரும் பனி ஈரப் புல்லில் உட்கார்ந்து, தட்டு அகலத்துக்கு விரிந்திருந்த ஒற்றை வெள்ளைப் பூவைப் பார்த்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு ஆள் வெளிக்கதவருகே நின்றுவிட்டார். "அடேயப்பா! யாரோட பூவுங்க இது?"

"இவளுது" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில், ஒருத்தியை ஒருத்தி கைகாட்டி.

"என்னுதா? ரயில்ல தூக்கிட்டு வந்தவ நீ!" என்றாள் ஃபைனா.

"கோட்டு போத்தினவ நீதானேடி!" என்றாள் கபா.

சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் மூன்று குவளைகளில் தேநீரை ஊற்றினேன்.