அலமாரியில் என் சேலைகள்

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. திருட்டுச் சாமான் ஒன்றும் இல்லை. என் அண்ணன் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த பொட்டலங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, யாருக்கு என்று சீட்டும் ஒட்டியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரிப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையுறை போட்ட விரலால் ஒரு பொட்டலத்தைத் தூக்கி, இது யாருக்கு என்றாள். என் கணவருக்கு என்றேன். இது? அதுவும் அவருக்குத்தான். அவள் என்னையே பார்த்தாள். "சொந்த வீட்டுக்குப் போவதாகச் சொல்கிறீர்கள். சொந்த வீட்டுக்கு யாராவது பரிசு கொண்டுபோவார்களா?"

அடிப்பாவி! பக்கத்து வீட்டுக்குப் போனாலே வெறுங்கையோடு போகாத ஜனம் நாங்கள். இதை இவளிடம் எந்த மொழியில் சொல்வது? அவள் பாஷையில் எனக்குப் பால் வாங்கத் தெரியும், பஸ்ஸில் சண்டை போடத் தெரியும். வழக்கு வாதாடத் தெரியாது.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் நான் நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ரொம்ப காலம் வெளியே தங்கிவிட்டால் அந்த நிரந்தரம் காலாவதியாகிவிடும். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அண்ணி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், புண் ஆறட்டும், புதுக்கால் பொருந்தட்டும், நடை பழகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அண்ணனே ஒருநாள் மாடிப்படி ஏறிப் போய், மேலே நின்றுகொண்டு கத்தினார். "ஏறிட்டேன் பாத்துக்க! இனிமே உன் வீட்டப் பாரு, கெளம்பு." வருஷங்கள் ஓடியிருந்தன. இப்போது நான் இந்த நாட்டுக்குத் திரும்பி வருகிறவளா, சும்மா பார்த்துவிட்டுப் போகிறவளா என்பதுதான் கேள்வி.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. எனக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஒரு தாளை நகர்த்தி, இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அட்டையை ஒப்படைத்ததாகிவிடும், சுற்றுலா வந்தவர்களைப் போல இப்போதே வெளியே போகலாம், எந்தத் தொல்லையும் இல்லை என்றாள். என் மகள் வேறொரு ஊரில் இருக்கிறாள். ஒரு வாரமாகப் போனில் எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள். "அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஊர்க்கதையெல்லாம் பேசாத. எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத." போடமாட்டேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரிப் பெண் மறுபடி பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினாள். "உங்கள் துணி கொஞ்சம்தானே இருக்கிறது? சில நாள் தங்கப் போகிறவர்கள்தான் இப்படி வருவார்கள்."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் பாஷை வந்ததோ! "ஏன் கொண்டுவர வேண்டும்? என் சேலையெல்லாம் என் வீட்டில் இருக்கிறது. என் அலமாரியில்! இடப்பக்கக் கதவைத் திறந்தால் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் என்னுடையதுதான். வேண்டுமானால் வந்து பார்!"

அவள் பேனா நின்றது. பிறகு ஏதோ எழுதிக்கொண்டாள். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, தற்காலிகமாக ஒரு தாள் கொடுத்தாள். மாதக் கடைசியில் விசாரணை. "அலமாரி விஷயத்தை அங்கேயும் சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே ரிப்பன் கசங்காமல் பொட்டலங்களை அடுக்கி அவளே பெட்டியை மூடிவிட்டாள்.

வெளியே எங்கள் வீட்டுக்காரர் புதுச்சட்டையில் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். கல்யாண நாளிலும் கையில் கிரீஸ் இருந்த ஆள். இன்று நகம்வரை தேய்த்துக் கழுவியிருந்தார். இளைத்துப் போயிருந்தார். கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது. அவரோ என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார். சம்பந்தி வீட்டு ஆளிடம் கேட்கிற மாதிரி!

வீட்டுக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். "வா வா, உள்ள வா. உக்காரு."

என் வீட்டுக்குள் வர எனக்கு அழைப்பு. உட்கார்ந்தேன். தங்கக்கரை போட்ட கோப்பையில் காபி வந்தது. விருந்தாளி வந்தால் எடுக்கவென்று நான்தான் அதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தேன். கூடவே ஒரு புதுத் துண்டு, விலைச்சீட்டுக்கூடப் பிய்க்கவில்லை. நான் கோப்பையைக் கழுவப் போனால், "நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டார். அங்கே ஒருத்தி ரிப்பனைப் பார்த்து விருந்தாளி என்கிறாள். இங்கே இந்த மனுஷன் கோப்பையும் துண்டும் வைத்து நிரூபிக்கிறார். நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு, சேலை மாற்றலாம் என்று படுக்கையறைக்குப் போய் அலமாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

மேல்தட்டில் அவருடைய வேலைச்சட்டைகள். அதற்குக் கீழே கம்பிச்சுருள்கள், திருகாணி டப்பாக்கள், லிப்டுக்குள் அமுக்குகிற பொத்தான்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடி நம்பரோடு. என் சேலை ஒன்றுகூட இல்லை.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஈரக்கையோடு ஓடி வந்தார். "என் சேலையெல்லாம் எங்க?"

"மேல பரண்ல இருக்கு. பெட்டியில போட்டு, பூச்சி உருண்டை வெச்சுப் பத்திரமாத்தான்..."

"பத்திரமாவா? நான் வரவே மாட்டேன்னு முடிவு கட்டிட்டீங்களா? அந்தப் பொண்ணுகிட்ட என் சேலை என் அலமாரியில இருக்குன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலையில சட்டை எடுக்கக் கதவத் தெறப்பேன்" என்றார். "தெறந்ததும் உன் வாசன வரும். அப்புறம் அன்னைக்கு முழுக்க வேல ஓடாது. ஒருநாள் ஒயர மாத்திக் குடுத்துட்டேன். மேல போக அமுக்குனா லிப்ட் கீழ போவுது. மேனேஜர் கண்டபடி திட்டிட்டான். அதான் பரண்ல போட்டேன். வேற ஒண்ணுமில்ல."

முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. எனக்குக் கோபமும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை, இரண்டையும் சேர்த்து, "போனுல சொல்றதுக்கென்ன, வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று திட்டினேன்.

அவர் புதுச்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏணியை இழுத்து வந்து பரணில் ஏறினார். திருகாணி டப்பாக்களெல்லாம் கட்டிலுக்கடியில் போயின. தட்டுகளைத் துடைத்தார். நான் ஒவ்வொரு சேலையாக உதறிக் கொடுக்க, அவர் அடுக்கினார். மடிக்கத் தெரியாமல் கோணல்மாணலாகத்தான் அடுக்கினார், நானும் விட்டுவிட்டேன். கடைசிச் சேலை உள்ளே போனதும் கதவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார், பழுது பார்த்த லிப்டைச் சோதிக்கிற மாதிரி.

"இனிமே நீ சொன்னது நெஜம்தான்" என்றார்.

ராத்திரி பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். "விசாரணையில என்னம்மா சொல்லுவாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள்.

காலையில் அசந்து தூங்கிவிட்டேன். படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம். அப்புறம் கீழேயிருந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் அவர் கத்தினார்.

"ஏய், எந்திரிச்சியா இல்லியா? இன்னைக்கிக் குப்ப வண்டி! பையக் கட்டி வெளிய வெக்காம அங்க என்ன பண்ணிட்டிருக்க? பாத்ரூம் லைட்டையும் அணைக்கல! வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டா!"

விருந்தாளியைக் குப்பை கொட்டச் சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

"வரேன், வரேன்! தொண்ட கிழியக் கத்தாதீங்க!" என்று நானும் கத்தினேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். அலமாரியைத் திறந்து, கைக்குக் கிடைத்த சேலையை உருவினேன். பூச்சி உருண்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. பையைக் கட்டி, அண்ணன் சுற்றிய வண்ணத்தாளையும் ரிப்பனையும் அதன்மேல் திணித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையில் பையும் மறுகையில் கொசுவமுமாக, தெரு நடுவில் நின்று, எனக்குத் தெரிந்த அவர்கள் பாஷையில் சத்தம் போட்டேன்.

"நில்லுங்கள்! இந்த வீட்டுக் குப்பை இருக்கிறது!"

வண்டி சற்றுத் தூரம் போய் நின்றது. பின்பக்கம் நின்றிருந்தவன், வா என்று கையாட்டினான்.