மீசையில் முளைத்த பல்

“இந்தப் பல்லு உங்கப்பா மீசையில முளைச்சதும்மா. அங்கிருந்துதான் அறுவடை பண்ணிட்டு வர்றேன்” என்று மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லை மருமகளிடம் நீட்டினார் மாமனார்.

“வாயைத் தொறந்தா புளுகு” என்றார் பக்கத்தில் நின்ற சம்பந்தி, அதாவது அவளைப் பெற்றவர். சொல்லும்போதே மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

அவளுக்கு விசாரிக்க நேரமில்லை. பல் மருத்துவக் கல்லூரியில் அவள் ஆசிரியை. தேர்வறையில் மாணவர்கள் காத்திருந்தார்கள். சில்லை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

நடந்தது இதுதான். தேர்வுக்கு வைத்திருந்த ஒரே சில்லு காலையில் அவள் கை தவறி உடைந்துவிட்டது. மெழுகுக் கட்டிக்குள், இன்னும் முளைக்காத பல்லோடு, எலிக்குட்டித் தாடையின் ஒரு துணுக்குதான் மிச்சம். ஒரே ஒரு தடவை சீவலாம். தப்பினால் தேர்வும் போச்சு, அவள் மானமும் போச்சு. கூப்பிடு மாமனாரை! அதே ஆய்வகத்தில் தாடைகளைச் சீவிச் சீவியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவர் சீவும் ஏட்டுக்கு முன்னால் வெங்காயத் தோல் கம்பளிப் போர்வை.

வேடிக்கை பார்க்கச் சம்பந்தியும் தொற்றிக்கொண்டார்.

“இந்த ரூம்ல தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, சம்பந்தி.”

“ஏன், பல்லுக்கு ஜலதோஷம் புடிக்குமா?”

மாமனார் சீவும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினார். கத்தி ஓரத்தில், பல் பதிந்த மெழுகு நாடா இறங்கியது. அதைத் தூரிகை நுனியில் ஏந்தி வெந்நீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்துச் சம்பந்திக்கு வேர்த்தது. அவர் பாட்டுக்கு ஃபேன் ஸ்விட்சைத் தட்டினார்.

நாடாவைக் காணோம்.

மேசைக்கடியில் தவழ்ந்தார்கள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தார்கள். மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று மாமனார் புலம்பினார். நிமிர்ந்தால், சம்பந்தியின் மீசையில், வலது ஓரமாக, ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது பல்.

“மூச்சு விடாதீங்க.”

“செத்துருவேன்யா.”

“அப்புறமா சாகலாம். குனிங்க.”

பிடரியைப் பிடித்து மீசையை வெந்நீரில் முக்கினார். நாடா மிதந்து, சுருக்கம் விரிந்து, சமர்த்தாகச் சில்லில் ஏறிப் படுத்தது. சாயம் ஏற்றி முடிக்கும்வரை, “ஃபேன் விஷயம் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்” என்று சம்பந்தி கெஞ்சிக்கொண்டே இருந்தார். மாமனார் வாக்குத் தவறவில்லை. மீசையை மட்டும்தான் சொன்னார்.

தேர்வு முடிந்ததும் மருமகள் அப்பாவை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

“என்னப்பா தெரியுது?”

“மேல நட்சத்திரம் நட்சத்திரமா ஒரு வலை. கீழ உசரம் உசரமா யாரோ வரிசையில நிக்கிறாங்க.”

“அவங்கதான் எனாமல் கட்டுற செல்லு. கட்டி முடிச்சு, பல்லு வெளிய வந்ததும் ஆளே இருக்க மாட்டாங்க.”

“நம்மள மாதிரி ரிட்டயர் ஆகியும் வம்பளக்க மாட்டாங்க, சம்பந்தி” என்றார் மாமனார்.

“ஓரத்துல ஒரு தூண் சாஞ்சு கிடக்கே, அது என்ன?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். பல்லுல அப்படி ஒண்ணு கிடையாது. நுனி கறுப்பு, அடி வெள்ளை. ஒரு பையன் அதையும் வரைஞ்சு வச்சுட்டு, பேர் மட்டும் தெரியல மேடம்ங்கிறான்.”

மீசைக்கு மை பூசுவதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சம்பந்தி, குழாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“ஃபேன் போட்டது நான்தாம்மா” என்றார் கடைசியில். “பல்லு மீசையிலதான் இருந்துச்சு. அந்தத் தூணும் என்னோடதுதான்.”