பின்னறையில் ஆள் இருக்குது

கயல்விழிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதை அவளுடைய குறை என்று சொல்லிவிட முடியாது. அதுதான் அவள் பிழைப்பு. விருத்தாசலத்தில் வீட்டை வாங்கிப் போட்டுவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதெல்லாம் அதை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள், மாசி மகத்துக்கு வருகிறவர்கள், பீங்கான் சாமான் மொத்தமாக எடுக்க வருகிற வியாபாரிகள் என்று ஆள் வந்தபடி இருக்கும். சாவி கொடுக்க, விரிப்பு மாற்ற, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஓடிவர உள்ளூரில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, நாலு பேரோடு ஒப்பிட்டு, இவர் தேவலை, இவர் ஆகாது என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்வதுதான் கயல்விழியின் தொழில். பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவளுக்கென்று ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் இருந்தன.

ஒப்பிடுவதற்கு அவள் வைத்திருந்த முறை கொஞ்சம் குரூரமானது. வீடு மூடியிருக்கும் நாளாகப் பார்த்து, வெளியூர்க்காரி மாதிரி வேறு நம்பரிலிருந்து பேசுவாள். ஓனருக்குத் தெரிய வேண்டாம், வாடகையை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம் என்று குழைவாள். 'வாங்க' என்று சொன்னவன் அத்தோடு தொலைந்தான். கட்டிலுக்கடியில் ஒரு மிட்டாய்த் தாளைச் செருகிவிட்டு வந்து, அடுத்த வாரம் போய்க் குனிந்து பார்ப்பாள். அவளுடைய கணவனே கடைக்குப் போய்வந்தால் அவள் கேட்பதற்கு முன் மீதிச் சில்லறையை மேசைமேல் வைத்துவிடுவான். அவ்வளவு பழக்கம்.

சென்னையிலிருந்து சிவசங்கரி கூப்பிட்டது ஒரு சாயங்காலம். கோயிலுக்குத் தெற்கே அவளுக்கு ஒரு மாடி வீடு உண்டு. அதைத் திரௌபதி என்ற அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்; கயல்விழிக்கு முகப்பழக்கம் உள்ளவள்.

"ஆள மாத்தலாமான்னு பாக்கறேன், கயல். திரௌபதியம்மா நல்லவங்கதான். ஆனா கீழ பின்னறைல ஒழுகுதுன்னு சொல்லி, போன மாசத்துலேர்ந்து யாருக்கும் விட மாட்டேங்கறாங்க. கொத்தனார அனுப்பவான்னா, நானே பாத்துக்கறேன்னு மழுப்பறாங்க. மழையே காணோம், என்னத்த ஒழுகுது?"

"நீங்க ஒண்ணும் கேக்காதீங்க மேடம். கேட்டா உஷாராயிடுவாங்க. நான் பாக்கறேன்."

திரௌபதியும் அவள் புருஷனும் பின்னறைக்கு அப்பால், அந்த வீட்டின் முதுகில் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அவர் பீங்கான் சூளையில் வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, இப்போது நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிற நிலையில் இருந்தார். வேலை போனால் கூரையும் சேர்ந்து போகும். இது கயல்விழிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, பாவம் பார்த்தால் இந்தத் தொழில் ஆகாது என்று மனதை இறுக்கிக்கொண்டாள்.

திரௌபதியோடு ஒப்பிட இரண்டு பேரை எடுத்தாள். ஒருவர் பழமலைநாதன், முன்பு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். நல்ல மனிதர், ஆனால் போனை எடுக்கவே மாட்டார். இன்னொருவன் கார்முகில். ஏழெட்டு வீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவன். ஆட்களுக்கு ஒரே நிறத்தில் பனியன் வாங்கிக் கொடுத்திருந்தான். சிவசங்கரி வீட்டுப் பேச்சை எடுத்ததும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்லக் கூடாதுக்கா. அந்தப் பின்னறைல ஆள் இருக்குது. தெனம் பொழுது சாஞ்சா உள்ள வெளிச்சம் தெரியுது. என் கண்ணால பாத்தேன். பாவம், வயசானவங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவனுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை என்பது கயல்விழிக்குப் புரியாமலில்லை. ஆனால் ஆசைப்பட்டவன் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா? அன்றைக்கே வெளியூர்க்காரியாக மாறித் திரௌபதிக்குப் போன் போட்டாள்.

"பின்னறைய மட்டும் கேக்காதீங்கம்மா," என்றாள் திரௌபதி. "மாடி ரூமு வேணும்னா ஓனரம்மாவ கேட்டுச் சொல்றேன். அவங்கள கேக்காம நான் யாரையும் வுடறதில்ல."

வேறு யாராக இருந்தாலும் இந்தப் பதிலுக்கு நல்ல பெயர் வாங்கியிருப்பார்கள். கயல்விழிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி பேசினால் அதிலேயே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. ஏற்கெனவே ஒருத்தருக்கு விட்டாயிற்று, அதனால்தான் இன்னொருத்தருக்கு இல்லை என்கிறாள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் எதிரே இருந்த பஜ்ஜிக் கடையில் போய் உட்கார்ந்தாள். பக்கவாட்டுக் கதவு வழியே பின்னறையின் வாசல் தெரிந்தது. திரௌபதி ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் தட்டுமாக வந்தாள். தட்டில் இட்லி. பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்து, மறுபடி பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். கதவுக்கு மேலே இருந்த சன்னல் இடுக்கில் மங்கலாக ஒரு வெளிச்சம் நின்றது.

அடுத்த நாளும் அதே கதைதான். கயல்விழிக்குப் பஜ்ஜி இறங்கவில்லை. வாடகைக்கு ஆள் வைத்தால் எதற்கு வெளியே பூட்ட வேண்டும்? ஓடிவந்த ஜோடியா? ஒரு தட்டுதானே போகிறது. ஒருவேளை யாரையாவது அடைத்து வைத்திருக்கிறார்களா? ஒரு நாள் காலையில் அந்தப் பக்கமாகப் போனபோது, திரௌபதி அந்தத் தட்டு இட்லியைப் பிட்டு மதில்மேல் காக்காய்க்கு வைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். உள்ளே இருப்பவர் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சிவசங்கரிக்கு வீடியோ கால் போட்டாள்.

"நான் வாயால சொன்னா நல்லா இருக்காது மேடம். உங்களுக்கே காட்டறேன். லைன்லயே இருங்க."

திரௌபதி பூட்டைத் திறந்து உள்ளே போன சமயம் பார்த்து, கயல்விழி பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். போனை முன்னால் நீட்டிப் பிடித்தபடி பின்னறை வாசலில் போய் நின்றாள்.

கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திச் சாத்தியிருந்தார்கள். துடைத்துச் சுத்தமாக இருந்த தரையில் ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் தட்டு, ஒரு டம்ளர் காபி, மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துண்டு, கொஞ்சம் விபூதி. திரௌபதி அப்போதுதான் குனிந்து திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தாள். அறையில் வேறு யாருமில்லை.

கயல்விழிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய மாமனார் போனபோது அவளே இப்படி விளக்கேற்றியவள்தான். இந்த அறையில் ஒரு சாவு நடந்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. கை தானாகக் கேமராவை மூடியது.

"என்ன கயல், ஒண்ணும் தெரியலையே. உள்ள யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லங்க மேடம். ரூமு காலியாத்தான் இருக்குது. அவங்க சொன்ன மாதிரி ஒழுகத்தான் செய்யுது."

"அப்ப ஏன் கேமராவ மறைச்சீங்க?"

அந்தப் பக்கம் சிவசங்கரியின் குரல் மாறியது.

"ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. அந்தம்மா உங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

இந்தக் கேள்வியை இந்த ஊரில் எத்தனை பேரிடம் கயல்விழி கேட்டிருப்பாள். கேட்கப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் திரௌபதி தெருவில் நிற்பாள். சொல்லாவிட்டால் தன் பெயர் போகும். பெயர் போனால் அந்த ஜெராக்ஸ் கடை மாடியில் அவளுக்கு வேலை இல்லை.

திரௌபதி கையை நீட்டினாள். "குடு பாப்பா."

போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் அதன் ஓரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மேடம், அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. அது எங்கிட்ட ஒரு வாய் தண்ணி கூட வாங்கிக் குடிச்சதில்ல. போன மாசம் ஆத்தூர்லேர்ந்து கல்யாணத்துக்கு வந்தாங்கல்ல, அதுல பொண்ணோட தாத்தா. விடிய காலைல காபி எடுத்தாந்தேன். தூக்கத்துலயே போயிட்டிருந்தாரு. அவரு மவன் என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல தாலி ஏறணும், இது தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும், எம்பொண்ணு வாழ்க்கையே போயிடும்னு. பெரியவருக்கு ஒடம்புக்கு முடியல, படுத்திருக்காருன்னு சொல்லிட்டு எல்லாரையும் மண்டபத்துக்கு அழைச்சிக்கிட்டுப் போயிட்டாரு. தாலி ஏறி அவங்க திரும்பி வர வரைக்கும், கதவ சாத்திக்கிட்டு நாந்தான் பெரியவருகூட உக்காந்திருந்தேன். அப்பறமா கார்ல ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

சிவசங்கரியின் வீட்டில் எங்கோ குக்கர் சத்தம் கேட்டது.

"உத்திர நட்சத்திரத்துல போயிருக்காரு மேடம். மூணு மாசம் அடைப்பு. உசுரு போன எடத்துல யாரையும் படுக்க வெக்கக் கூடாது, தெனம் வெளக்கேத்தி ஏதாச்சும் வெக்கணும். அவங்க இங்க வந்து செய்ய முடியாது. யாராச்சும் செய்யணுமில்ல, நான் செய்யறேன். ஒழுவுதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்யிதான்."

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரருக்குக் கூட ஒழுவுதுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"தெரியவே வேணாம். கயல், நீங்களும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா ஒரு கல்யாண பார்ட்டி கூட அந்த வீட்டுப் பக்கம் வராது." பிறகு பேச்சைத் திரௌபதி பக்கம் திருப்பினாள். "திரௌபதியம்மா, அடைப்பு முடியற வரைக்கும் நீங்களே இருந்து பாத்துக்குங்க. இதயெல்லாம் வேற யாரும் செய்ய மாட்டாங்க. முடிஞ்சதும் சாவிய கயல்கிட்ட குடுத்துடுங்க. இவ்ளோ பெரிய விஷயத்த மறைச்சவங்கள நான் எப்படி நம்பறது?"

கயல்விழிக்கு ஆத்திரம் பொங்கியது. போனைத் திரௌபதியின் கையிலிருந்து வாங்கினாள்.

"மேடம், நீங்களும் இப்ப மறைக்கத்தான சொல்றீங்க?"

"அது என் வீடு, கயல்," என்றாள் சிவசங்கரி. "அந்த கார்முகில்கிட்ட பேசி வைங்க." லைன் அறுந்தது.

திரௌபதி காபி டம்ளரை விளக்குக்கு நேராக நகர்த்தி வைத்தாள். கதவைச் சாத்திப் பூட்டி, வழக்கம்போல ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கயல்விழியை அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை போலிருந்தது.

"முடியற வரைக்கும் இருக்கச் சொன்னாங்களே, அது போதும். பெரியவருக்குக் கொற வெக்காம செஞ்சி முடிச்சிடலாம்," என்றாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கினாள். "அதுக்கப்பறம் எங்க ரெண்டு பேருக்கும் வேற வூடு எதுனா பாத்துக் குடு பாப்பா. உனக்குத்தான் ஓனருங்க எல்லாரையும் தெரியும். நல்லவங்களா ஒருத்தரப் பாரு."

"பாக்கறேன்க்கா," என்றாள் கயல்விழி.

வெளியே வந்து பஜ்ஜிக் கடைப் பக்கமாக நின்று, போனில் இருந்த வீட்டுக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நெய்வேலிக்காரர் வேலைக்காரர்கள் படுக்கிற இடத்திலும் கேமரா மாட்டியிருந்தார். சிங்கப்பூர் அம்மாள் உடைந்த டம்ளருக்கெல்லாம் சம்பளத்தில் பிடிப்பவள். இன்னொருவர் போனஸ் கேட்டுவிடுவார்களே என்று ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் ஆளை மாற்றுகிறவர். இதெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்த விஷயங்கள்தான். இவர்களுக்காக அவள் எத்தனையோ பேரைச் சலித்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இவர்களை ஒருநாளும் சலித்ததில்லை. கடைசிப் பெயர் வரைக்கும் போய்விட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.